திருநாராயணபுரத்தில் ஒரு சாயக் கணக்கு

மேல்கோட்டை கல்யாணி தீர்த்தத்தின் படிகளில் காலை வெயில் இறங்கிக்கொண்டிருக்கிறது. படியில் உட்கார்ந்து ஒரு பெண் சிவப்புப் புடவையை அலசுகிறார். தண்ணீரில் ஒரு மெல்லிய சிவப்பு இழை நீண்டு, கலைந்து, காணாமல் போகிறது. பக்கத்தில் நின்ற கரூர் நண்பர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “மலைக்கு வந்தும் சாயம் விடமாட்டேங்குது பாருங்க” என்றார்.

நண்பருக்கு வயது 66. மேஜை விரிப்பு, திரைச்சீலை, தலையணை உறை என்று வீட்டு ஜவுளியை ஐரோப்பாவுக்கு அனுப்பிப் பிழைப்பவர். இப்போது வியாபாரத்தை மகன் பார்த்துக்கொள்கிறார். யோக நரசிம்மருக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. அதற்காகத்தான் சத்தியமங்கலம் தாண்டி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, சாமராஜநகர், மைசூர் வழியாக வந்தோம். ஆனால் வழி முழுக்க அவருடைய கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. தூத்துக்குடி துறைமுகத்தில் அவர்களது கன்டெய்னர் ஒன்று நிற்கிறது. உள்ளே இருப்பது வெளிநாட்டிலிருந்து வரவழைத்த சாயமிட்ட துணி. கூட வரவேண்டிய ஒரு காகிதம் வரவில்லை. அந்தத் துணியில் தடை செய்யப்பட்ட சாயம் எதுவும் இல்லை என்று சொல்லும் சான்றிதழ்தான் அது.

மேல்கோட்டை தமிழர்களுக்கு அந்நிய ஊர் அல்ல. மைசூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். இன்று மாண்டியா மாவட்டத்தைச் சேர்ந்தது. வைணவர்களுக்கு இது திருநாராயணபுரம். சோழ நாட்டை விட்டு வந்த ராமானுஜர் பல ஆண்டுகள் தங்கியிருந்த தலம். கன்னட நாட்டின் நடுவே, இங்குள்ள கோயிலில் ஆழ்வார்களின் தமிழ் இன்றும் ஒலிக்கிறது. உற்சவருக்குப் பெயரே செல்வப்பிள்ளை. டில்லிக்குப் போய்விட்ட அந்த மூர்த்தியை ராமானுஜர் மகனை அழைப்பதுபோல அழைத்து மடியில் ஏந்தி வந்தார் என்பதும், அவரைப் பிரிய மாட்டாமல் பின்தொடர்ந்து வந்த சுல்தானின் மகள் துலுக்க நாச்சியாராகக் கோயிலில் இடம் பெற்றாள் என்பதும் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த கதை. பங்குனியில் வைரமுடி சேவை. மாண்டியா கருவூலத்திலிருந்து கிரீடம் போலீஸ் காவலோடு வந்து சேரும் அந்த இரவில் ஊர் கொள்ளாத கூட்டம். கன்னடக் கவிஞர் பு.தி. நரசிம்மாச்சார் பிறந்தது இங்கே. 1948 பிப்ரவரி 24 அன்று ஜெயலலிதா பிறந்ததும் இதே ஊரில்தான்.

இந்தத் தலத்தின் கதையே ஒரு மண்ணில் தொடங்குகிறது. ராமானுஜரிடம் இருந்த திருமண் தீர்ந்துபோனதாம். கனவில் வந்த குறிப்பைப் பின்பற்றி யதுகிரிக்கு வந்து தேடியபோது வெள்ளை மண்ணும் கிடைத்தது, மண்ணுக்குள் மறைந்திருந்த பெருமாளும் கிடைத்தார் என்கிறது குருபரம்பரைக் கதை. கோயில் வீதிக் கடைகளில் வெள்ளைக் கட்டிகளாக அடுக்கி வைத்திருக்கிறார்கள் அந்தத் திருமண்ணை. பக்கத்திலேயே சிவப்பு ஸ்ரீசூர்ணம். புளியோதரை வாசனை எல்லாக் கடைகளையும் தாண்டி வருகிறது. மேல்கோட்டைப் புளியோதரைக்கு பெங்களூர் வரை பெயர்.

ஆனால் நண்பரை இந்த ஊருக்கு இழுத்த இன்னொரு காரணம் நூல். 1960-இல் சுரேந்திர கௌலகி இங்கே ஜனபத சேவா டிரஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். ஜெயப்பிரகாஷ் நாராயணின் செயலாளராக இருந்தவர் அவர்; சர்வோதயக்காரர். கைநூற்பு, கைத்தறி, இயற்கைச் சாயம் என்று கதர் வேலை இந்த மலையூரில் வேர்விட்டது அப்படித்தான். நெதர்லாந்திலிருந்து ஒரு வாடிக்கையாளர் நண்பரின் மகனிடம் இயற்கைச் சாயத் துணிக்கு மாதிரி கேட்டிருக்கிறார். “அப்பா, சாமியும் கும்பிட்டாப்பல ஆச்சு, துணியும் பாத்தாப்பல ஆச்சு” என்று மகன்தான் அனுப்பி வைத்தாராம்.

இயற்கைச் சாயம் என்பது பூவைப் பிழிந்து துணியில் தடவுவது அல்ல. மாதுளம் ஓட்டை வேகவைத்தால் மஞ்சள். அவுரியை நொதிக்க வைத்தால் நீலம். மஞ்சிட்டி வேரில் சிவப்பு. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் நீரில் ஊறவிட்டு, கடுக்காய் ஏற்றிய துணியை அதில் தோய்த்தால் கறுப்பு. சாயத்தை நூலோடு பிடித்துவைக்கப் படிகாரம். இதே கர்நாடகத்தின் ஹெக்கோட்டில் பாக்கு வேகவைத்த சாற்றிலிருந்து செம்பழுப்புச் சாயம் எடுக்கிறார்கள். நம்முடைய சோழமண்டலக் கரையில் ஒரு காலத்தில் சாயவேர் தோண்டிப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். அந்தச் சிவப்பு ஏறிய துணிகள் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போயின.

பிறகு கப்பல் திரும்பியது. 1856-இல் இங்கிலாந்தில் வில்லியம் பெர்கின் என்ற இளைஞர் தாரிலிருந்து ஊதா நிறம் எடுத்தார். 1868-இல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் மஞ்சிட்டி வேரின் சிவப்பைச் செயற்கையாகச் செய்தார்கள். 1897-இல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. நம் ஊர் அவுரிக் காடுகளும் சாயவேர்க் குழிகளும் ஒரு தலைமுறைக்குள் அழிந்தன. டப்பாவில் வந்த சாயம் மலிவு. தண்ணீரில் கரைத்தால் போதும். அதிலும் 1880-களில் ஜெர்மனியில் பிறந்த காங்கோ சிவப்பும் அதன் உறவுச் சாயங்களும் பருத்தியில் நேராகவே ஒட்டிக்கொண்டன. படிகாரமும் வேண்டாம், கடுக்காயும் வேண்டாம். பென்சிடின் என்ற பொருளிலிருந்து செய்யப்பட்ட சாயங்கள் அவை.

ஆபத்து இருக்கிறது என்பதும் அங்கேதான் முதலில் தெரிந்தது. 1895-இல் பிராங்பர்ட்டின் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டிகள் வருவதை எடுத்துச் சொன்னார். அஸோ சாயங்கள் எனப்படும் பெரிய குடும்பத்தில் எல்லாமே கெடுதல் அல்ல. பெரும்பாலானவை இன்றும் சட்டப்படி புழக்கத்தில் உள்ளவை. ஆனால் சில, உடலுக்குள் போனதும் உடைந்து, பென்சிடின் போன்ற அமீன்களை வெளிவிடுகின்றன. அவைதான் புற்றுநோயைத் தரவல்லவை.

ரேன் சொன்னதற்கும் சட்டம் வந்ததற்கும் நடுவே ஒரு நூற்றாண்டு. 1994 ஜூலையில் ஜெர்மனி தன் நுகர்பொருள் சட்டத்தைத் திருத்தியது. இப்படி 20 அமீன்களில் எதையாவது வெளிவிடக்கூடிய சாயம் உடலில் படும் துணியில் இருக்கக் கூடாது என்றது. 1996-இல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைக் கொல்லி விஷயத்தில் ஜெர்மனி கொண்டுவந்த தடையால் ஆம்பூரும் வாணியம்பாடியும் தோல் வியாபாரத்தில் சூடுபட்டிருந்தன. இப்போது அடி விழுந்தது திருப்பூருக்கும் கரூருக்கும்.

“தொண்ணூத்தஞ்சுல எனக்கு ஒரு கடுதாசி வந்துச்சுங்க” என்று நண்பர் சொல்லத் தொடங்கியது கல்யாணிக் கரை மண்டபத்தில். “நாலாயிரம் மேஜை விரிப்பு. கட்டம் போட்டது. மஞ்சள் பாஸ், நீலம் பாஸ், கறுப்பு மட்டும் பெயில்னு எழுதியிருந்தான். அந்தக் கறுப்புல என்ன இருந்துச்சுன்னு எனக்கே தெரியாது. டப்பா மேல ஒரு நெம்பர் இருக்கும், அவ்வளவுதான்.”

அவருடைய பட்டறையில் சாயம் கலக்கியவர் ஒரு மேஸ்திரி. நண்பரின் தந்தை காலத்திலிருந்து இருந்தவர். வீட்டில் எல்லோருக்கும் அவர் மேஸ்திரி அண்ணன். புதுச் சாயம் தீர்ந்துபோன ஒரு நாள், மூலையில் கிடந்த பழைய டப்பாவிலிருந்து கொஞ்சம் போட்டு நிறத்தைச் சமன் செய்திருக்கிறார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நிறம் பிசகாமல் கொண்டுவருவதுதான் அவர் கற்ற தொழில். கையுறை கிடையாது. வெந்நீர்த் தொட்டியில் முழங்கை வரை விட்டு நூலைப் புரட்டுவார். எந்த நிறம் ஓடுகிறது என்று அவர் கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அந்தச் சரக்கு விலை போகாமல் நின்றது. நண்பர் மனைவியின் நகைகள் போயின. “அப்ப எனக்கு ஜெர்மன்காரன் மேலதாங்க கோபம். சாயத்தையும் அவந்தான் குடுத்தான், வேண்டாம்னும் அவந்தான் சொல்றான்னு.”

மேஸ்திரி அண்ணனுக்குச் சில ஆண்டுகள் கழித்துச் சிறுநீரில் ரத்தம் போகத் தொடங்கியது. பிறகு அதிக நாள் இல்லை. சாயத்தால்தான் வந்தது என்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை. பீடி பிடிப்பவர், அதனாலும் வரலாம். “கை வெளுக்காமலே போய்ச் சேந்துட்டாருங்க” என்றார் நண்பர். பிறகு சிறிது நேரம் பேசவில்லை.

யோக நரசிம்மர் கோயிலுக்குச் சில நூறு படிகள். நண்பர் நின்று நின்று ஏறினார். மேலே காற்று பலமாக வீசுகிறது. கீழே ஊர், குளம், கல்மண்டபம், அப்பால் வயல்களும் ஏரிகளும் ஒரே பார்வையில் தெரிகின்றன. தரிசனம் முடிந்து வெளிப்பிராகாரத்தில் உட்கார்ந்தபோது கைபேசி மறுபடி அடித்தது. மகன்தான். குரல் எனக்கும் கேட்டது.

விஷயம் இது. இந்தியாவும் இப்போது சும்மா விடுவதில்லை. பென்சிடின் சாயங்கள் 42 முதலில் தடை செய்யப்பட்டன. பிறகு 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1997 மார்ச் 26 அன்று வந்த அறிவிக்கை 70 அஸோ சாயங்களைத் தடை செய்தது. ஆக மொத்தம் 112. உள்நாட்டில் தடை என்றால் வெளியிலிருந்து வரும் துணியில் அது இருக்கலாமா? அதனால் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் இறக்குமதிக்கும் நிபந்தனை விதித்தது. அனுப்பும் நாட்டிலேயே அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடத்தில் சோதித்து, சான்றிதழோடு சரக்கு வரவேண்டும். சான்றிதழ் இல்லையென்றால் சுங்க அதிகாரிகள் மாதிரி எடுத்து இங்குள்ள கூடத்துக்கு அனுப்புவார்கள். முடிவு வந்த பிறகே சரக்கு வெளியே வரும். அதுவரை கன்டெய்னருக்கு வாடகை ஓடும்.

சோதனை எளிதல்ல. துணியில் ஒவ்வொரு நிறத்தையும் பார்க்க வேண்டும். நிறம் கூடக்கூடச் செலவும் கூடும். சாயத்தை வேதிப்பொருளால் உடைத்து, வெளிவரும் அமீனைக் கருவியில் அளக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் தன் எல்லா நாடுகளுக்கும் பொதுவாக விதித்த அளவு, ஒரு கிலோ துணிக்கு 30 மில்லிகிராம். 2007-இல் நடைமுறைக்கு வந்த ‘ரீச்’ சட்டத்தில் அந்த விதியும் பின்னர் சேர்ந்துவிட்டது. இன்று கரூரிலும் திருப்பூரிலும்கூட ஜவுளிக் கமிட்டியின் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. 1995-இல் மாதிரியை எடுத்துக்கொண்டு அலைந்தவருக்கு இது பெரிய மாற்றம்.

இந்த வழி மகனுக்கும் தெரியும். தாமதமாகும் என்பதுதான் கவலை. விரிப்புகளைத் தைத்து அனுப்ப வேண்டிய தேதி நெருங்குகிறது. அந்தச் சமயத்தில்தான் சரக்கு எடுத்துக் கொடுக்கும் ஏஜென்ட் ஒருவர் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். அதே மில்லிலிருந்து முன்பு வந்த வேறொரு சரக்கின் சான்றிதழ் இருக்கிறதாம். நம்பரை மட்டும் கொஞ்சம் சரிசெய்து காட்டினால் நாளைக்கே வண்டி வெளியே வந்துவிடுமாம். “துணி அதே துணிதானேப்பா” என்றது மகனின் குரல்.

நண்பர் பதில் சொல்லவில்லை. இறங்கி வந்து கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

கீழே, நெசவுக் கொட்டகை ஒன்றில் தறிச்சத்தம். மாதுளை மஞ்சளும் இரும்புக் கறுப்புமாக ஒரு கட்டத்துணி. நண்பர் விரலால் தேய்த்தார், நுனியை நனைத்துக் கைக்குட்டையில் ஒற்றிப் பார்த்தார். நாற்பது வருடப் பழக்கம். கறுப்பை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு நெய்துகொண்டிருந்தவரிடம் கன்னடமும் தமிழும் கலந்து, இதற்கும் சான்றிதழ் உண்டா என்று கேட்டார். அவர் தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். மாதுளம் ஓட்டுக்குமா சான்றிதழ்?

உண்டு என்பதுதான் உண்மை. இயற்கைச் சாயத்தில் அஸோ இல்லை என்பது தயாரிப்பவருக்குத் தெரியும். ஹாலந்துக்காரருக்கு எப்படித் தெரியும்? இயற்கை என்று சீட்டு ஒட்டிய துணியில் டப்பாச் சாயம் கலந்து விற்பவர்களும் இருக்கிறார்கள். தவிர, மாதுளம் ஓடு நல்லதுதான், அதை நூலில் பிடிக்கவைப்பது எது? படிகாரம் என்றால் கவலையில்லை. குரோமியமோ செம்போ சேர்த்தால் நிறம் இன்னும் ஜொலிக்கும்; ஆனால் கழிவுநீரில் போவது கன உலோகம். இயற்கை என்ற சொல் மட்டும் எதையும் சுத்தமாக்கிவிடாது. ஆக, பத்து மீட்டர் நெய்கிறவரும் பத்தாயிரம் மீட்டர் நெய்கிறவரும் ஒரே சோதனைக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. பெரிய மில்லுக்கு அது மீட்டருக்குச் சில காசு. மேல்கோட்டையில் நெய்கிறவருக்கு அது லாபம் முழுவதும். கைத்தறிச் சங்கங்கள் சேர்ந்து சோதித்துக்கொள்ளவோ, அரசு அந்தச் செலவில் பங்கேற்கவோ வழி இல்லாதவரை, நல்ல சட்டமே சிறியவரைச் சந்தைக்கு வெளியே நிறுத்திவிடும்.

இன்னொரு குறையும் இருக்கிறது. இந்த விதிகள் துணி உடுத்துகிறவரைக் காக்கின்றன. துணியைத் தோய்த்தவரின் கையை எந்தத் துறைமுகத்திலும் யாரும் சோதிப்பதில்லை. தோய்த்த நீர் போன ஆற்றையும் அப்படித்தான். நொய்யலில் சாயக் கழிவு பல்லாண்டுகள் ஓடிய பிறகே, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத பட்டறைகளே பிறகு இயங்க முடிந்தது. ஆனாலும் ஒரு நன்மையை மறுக்க முடியாது. ஹாம்பர்கில் வாங்க மறுத்ததால்தான் கரூரில் அந்த டப்பாக்கள் மறைந்தன. இன்று நாம் இறக்குமதி செய்யும் துணிக்குச் சான்றிதழ் கேட்டால், அனுப்பும் நாட்டில் எங்கோ ஒரு சாயத்தொட்டியின் பக்கத்தில் நிற்கும் ஒருவருக்கு அதே நன்மை போய்ச் சேரலாம். கேட்கிற நாமே பொய்க் காகிதத்தைக் காட்டினால் அது அங்கே போய்ச் சேராது.

இதையெல்லாம் நான் நண்பரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கோயில் வீதியில் ஒரு கடை முன் நின்று திருமண் கட்டிகள் வாங்கினார். ஸ்ரீசூர்ணத்தைக் காட்டி, “இது மஞ்சளுங்களா, சாயமுங்களா?” என்று கேட்டார். கடைக்காரப் பெரியவர், நெற்றி நிறைய நாமம், மேல்கோட்டைக்கே உரிய தமிழ். கோபித்துக்கொள்ளவில்லை. “நீரே பாரும்” என்று ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் வைத்து, புளியோதரைக் கடையிலிருந்து எலுமிச்சை மூடி ஒன்றை வாங்கி இரண்டு சொட்டு விட்டார். சிவப்பு கண்ணெதிரே மஞ்சளாக மாறியது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து வந்த சிவப்பு, புளிப்புப் பட்டால் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். டப்பாச் சிவப்பு அப்படித் திரும்பாது.

“இதுக்கு லேப் வேண்டாம் போலிருக்கே” என்றேன்.

“எல்லாத்துக்கும் எலுமிச்சம்பழம் பத்தாதுங்களே” என்றார் நண்பர். வீதி ஓரமாக ஒதுங்கி மகனைக் கூப்பிட்டார். பேச்சு ஒரு நிமிடம்கூட இல்லை. “மாதிரி எடுத்துச் சோதிக்கட்டும், கண்ணு. எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும். வாடகையை நான் தர்றேன். அந்த ஏஜென்ட்கிட்ட இனி பேச வேண்டாம்.” மறுபுறம் மகன் ஏதோ சொன்னார். “தெரியும், தெரியும். ஆர்டர் போனாலும் போகட்டும். பெயில் ஆச்சுன்னா அந்தத் துணி நம்ம பிள்ளைங்க கையில தைக்க வர வேண்டாம்.”

தையல் கூடத்தில் வேலை செய்வது நாற்பது பெண்கள் என்று காரில் ஏறிய பிறகு சொன்னார். அதில் ஒருத்தி மேஸ்திரி அண்ணனின் பேத்தி.

திரும்பும் வழியில் கல்யாணியை மறுபடி தாண்டினோம். காலையில் பார்த்த சிவப்புப் புடவை படியில் காய்ந்துகொண்டிருந்தது. நண்பர் மடியில், மாதுளை மஞ்சளும் இரும்புக் கறுப்புமாக இரண்டு மீட்டர் மாதிரித் துணி. ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அதைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். கட்டணம் யாருடையது என்று கேட்டேன். “நம்மளுதுதாங்க. நெய்யறவருகிட்டயா போய்க் கேக்கறது?” என்றார்.